இடம் கிடைத்தவர்கள் இடம் கொடுத்தார்கள்

புனே ரயில் நிலையத்தில் இறங்கி வெளியே வந்தால் பக்கத்திலேயே சசூன் மருத்துவமனை. அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் சாது வாஸ்வானி சவுக். முதலாவது, பாக்தாதிலிருந்து உயிர் தப்பி வந்த ஒரு யூத வணிகரின் பெயரில் இருக்கிறது. இரண்டாவது, சிந்து மாகாணத்து ஐதராபாத்தை விட்டு வெளியேற நேர்ந்த ஒரு துறவியின் பெயரில் இருக்கிறது. ஏழை நோயாளிகள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தேடி வருவது, ஓர் அகதி கொடுத்த பணத்தில் எழுந்த ஆஸ்பத்திரியை. சனிவார்வாடாவைச் சுற்றியுள்ள பழைய பேட்டைக்காரர்களைக் கேட்டால் புனே என்பது பேஷ்வாக்களின் ஊர் என்பார்கள். பிம்பிரியில் வளர்ந்த எனக்கு அது ஊரை இழந்து வந்தவர்களின் ஊர்.

என் அப்பா பிம்பிரி பென்சிலின் ஆலையில் வேலை பார்த்தார். இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் என்ற அந்த அரசு நிறுவனம் 1954-ல் தொடங்கப்பட்டது. அறுபதுகளில் நாங்கள் ஆலைக் குடியிருப்பில் இருந்தோம். மும்பை நெடுஞ்சாலையையும் தண்டவாளத்தையும் தாண்டினால் பிம்பிரி கேம்ப். நாடு பிரிந்தபோது சிந்துவிலிருந்து வந்தவர்களைக் குடிவைத்த இடம் அது.

சிந்திகளின் இழப்பு மற்றவர்களுடையதைவிட ஒரு விதத்தில் கடுமையானது. பஞ்சாபும் வங்காளமும் இரண்டாகப் பிரிந்ததால், அங்கிருந்து வந்தவர்களுக்கு எல்லைக்கு இந்தப் பக்கமும் தங்கள் மொழி பேசும் மண் கொஞ்சம் மிஞ்சியது. சிந்து முழுவதுமாகப் பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. 1948 ஜனவரி 6-ஆம் தேதி கராச்சியில் கலவரம் மூண்ட பிறகு, இனி இருக்க முடியாது என்று கப்பலிலும் ரயிலிலும் கிளம்பியவர்கள் ஏராளம். மொத்தத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். போய் இறங்க ஒரு சிந்தி மாநிலம் இல்லை. கல்யாண் அருகே இருந்த பழைய ராணுவ முகாம் அவர்களுக்கு உல்லாஸ்நகர் ஆயிற்று. கோலாப்பூர் அருகே வளிவடேயில் இரண்டாம் உலகப்போரின்போது ஏறத்தாழ ஐயாயிரம் போலந்து அகதிகளுக்காகக் கட்டிய முகாம், அவர்கள் போன பிறகு சிந்திகளுக்குக் கிடைத்து காந்திநகர் ஆயிற்று. புனேயின் பங்குக்குப் பிம்பிரி.

அம்மா துணி எடுப்பது கேம்ப் கடைவீதியில்தான். ஒரு சேட் கடை வழக்கமாக இருந்தது. உள்ளே போய் உட்கார்ந்ததும் முதலில் தண்ணீரும் சுட்ட அப்பளமும் வரும். சிந்தி வீடுகளில் யார் வந்தாலும் அதுதான் உபசரிப்பு. மிளகு தூக்கலாக இருக்கும் அந்த அப்பளத்துக்காகவே நான் அம்மாவோடு கிளம்பிவிடுவேன். மாதக் கடைசியில் அம்மா தயங்கினால், "பணம் எங்கே ஓடிவிடப் போகிறது பெஹன்ஜி, முதல் தேதிக்கு மேல் வரட்டும்" என்பார். கடன் கொடுத்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டார்.

சிந்திகளின் பஞ்சாயத்துத் தலைவருக்கு முகி என்று பெயர். அந்தத் தெருவுக்கு சேட்தான் முகி. கடையின் பின்கட்டில் ஒரு மரப்பெட்டி. அதற்குள் நீளமான நோட்டுப் புத்தகங்கள். சிந்துவில் விட்டுவந்த வீட்டுக்கும் நிலத்துக்கும் இழப்பீடு கேட்ட மனுக்கள், ரேஷன் கார்டு விண்ணப்பங்கள், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கத் தேவையான சான்றுகள் என்று தெருவில் யாருக்கு எது நிலுவையில் இருந்தாலும் அதில் பதிவு இருக்கும். வலமிருந்து இடமாக ஓடும் சிந்தி எழுத்தில் அவர் எழுதுவதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு பத்திகள் கோடு போட்டிருக்கும். பெயர், தகப்பன் பெயர், விட்டுவந்த ஊர், வந்து சேர்ந்த தேதி. நான் கேட்டபோது அவரே விரல் வைத்துப் படித்துக் காட்டினார்.

1972-ல் மகாராஷ்டிரத்தில் கொடிய வறட்சி வந்தது. ரேஷனில் மிலோ என்ற அமெரிக்கச் சிவப்புச் சோளம் போட்டார்கள். மராத்வாடாவிலிருந்தும் சோலாப்பூர் பக்கத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வேலை தேடிப் புனேக்கு வந்தார்கள். இரவில் கேம்ப் கடைகளின் தாழ்வாரங்களில் சுருண்டு படுப்பார்கள். கடைக்காரர்களில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. வியாபாரம் கெடும், திருட்டு நடக்கும், போலீசிடம் சொல்லி அப்புறப்படுத்தலாம் என்று முகியிடம் வந்து நின்றார்கள். நான் அன்று கடையில் இருந்தேன்.

"கல்யாண் கேம்பில் நாம் வந்து இறங்கியபோது நம்மையும் இப்படித்தான் பார்த்தார்கள். ராத்திரி தங்கட்டும். காலையில் யாருக்கு என்ன வேலை தெரியும் என்று கேட்போம்" என்றார் அவர்.

மறுநாள் காலையில் பெட்டியிலிருந்து புது நோட்டு ஒன்றை எடுத்தார். அதே நான்கு பத்திகள். ஐந்தாவதாக ஒரு கோடு இழுத்து, தெரிந்த வேலை என்று ஒன்றைச் சேர்த்தார். மூட்டை தூக்குகிறவர், மாடு பார்க்கிறவர், கொத்து வேலை தெரிந்தவர் என்று ஒவ்வொருவராக எழுதிக்கொண்டார். பிறகு தனக்குத் தெரிந்த கிடங்குகளுக்கும் கட்டட மேஸ்திரிகளுக்கும் ஆள் அனுப்பினார். எல்லாருக்கும் வேலை கிடைத்துவிடவில்லை. கிடைக்காதவர்களுக்கு ரொட்டியும் பருப்பும் கிடைத்தன. புகார் சொல்ல வந்த கடைக்காரர்களின் வீடுகளிலிருந்தும் ரொட்டி வந்தது. முகி கேட்டால் தெருவில் யாரும் மறுக்க மாட்டார்கள்.

தானே அடிபட்ட ஒருவர், அடிபட்டு வரும் இன்னொருவரைப் பார்த்ததும் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார். இரக்கப்படுவதாக அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அகதி என்று ஆனவனுக்கு என்ன தேவைப்படும், எந்த வரிசையில் தேவைப்படும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. முதலில் படுக்க இடம், பிறகு சோறு, பிறகு பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு மனிதர், பிறகு வேலை. கஷ்டம் அவருக்குக் கற்றுக் கொடுத்திருந்தது இந்த வரிசையைத்தான்.

அவர் மனதில் இதை ஊன்றியவர் யார் என்று கேட்டால், கடைச் சுவரில் மாட்டியிருந்த வெண்தாடிப் படத்தைக் காட்டுவார். சாது டி.எல். வாஸ்வானி. 1879-ல் ஐதராபாத்தில் பிறந்தவர். லாகூரிலும் கூச் பெஹாரிலும் பட்டியாலாவிலும் கல்லூரி முதல்வராக இருந்துவிட்டு, தாயார் இறந்ததும் பதவியை விட்டுத் துறவு வாழ்க்கைக்கு வந்தவர். 1933-ல் ஐதராபாத்தில் பெண் குழந்தைகளுக்காக மீரா பள்ளியைத் தொடங்கினார். நாடு பிரிந்த பிறகும் ஓராண்டுக்கு மேல் அங்கேயே இருந்தார். 1948 நவம்பரில், அறுபத்தொன்பது வயதை எட்டும் நேரத்தில், கிளம்ப வேண்டியதாயிற்று. மறு ஆண்டு புனேக்கு வந்து சேர்ந்தார். அந்த வயதில் எல்லாவற்றையும் விட்டுவந்த ஒருவர் ஓய்ந்து உட்கார்ந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் புனேயில் மறுபடியும் பள்ளி தொடங்கினார். 1962-ல் பெண்களுக்கான செயின்ட் மீரா கல்லூரி வந்தது. 1966 ஜனவரியில் அவர் மறைந்தார்.

அவருக்குப் பின் பொறுப்பை ஏற்றவர் அவருடைய உடன்பிறந்தாரின் மகன், தாதா என்று ஊரே அழைத்த ஜே.பி. வாஸ்வானி. 1918-ல் பிறந்த அவர் இயற்பியல் படித்தவர். எக்ஸ் கதிர்ச் சிதறல் பற்றிய அவருடைய எம்.எஸ்சி. ஆய்வேட்டை மதிப்பிட்டவர் நம் திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன். விஞ்ஞானியாகப் போயிருக்க வேண்டியவர், சிற்றப்பன் பெரியப்பன் என்ற உறவைத் தாண்டி சாது வாஸ்வானியைக் குருவாக ஏற்று உடன் நடந்தார். அவர் காலத்தில் சாது வாஸ்வானி மிஷன் கோரேகாவ் பார்க்கில் இன்லாக்ஸ் புத்ராணி மருத்துவமனை வரை வளர்ந்தது. 2018 ஜூலை 12 அன்று, நூறு வயது நிறைய மூன்று வாரம் இருக்கும்போது, அவர் புனேயில் காலமானார்.

மிஷன் நடத்தும் செயற்கைக் கால் முகாம் ஒன்றுக்கு என் பழைய நண்பரை அழைத்துப் போயிருந்தேன். லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். ரயில் விபத்தில் முழங்காலுக்குக் கீழே காலை இழந்துவிட்டார். இளைஞர் ஒருவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, நண்பரின் மீதிக் காலை எடுத்துத் தன் மடிமேல் வைத்துக்கொண்டார். மெல்லிய துணியுறையை இழுத்து மாட்டி, எலும்பு துருத்தும் இடங்களைத் தடவிப் பார்த்துப் பென்சிலால் குறித்தார். பிறகு ஈரமான பிளாஸ்டர் பட்டையைச் சுற்றி, உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி வடிவம் பிடித்தார். சில நிமிடங்களில் அது இறுகியதும் கழற்றி எடுத்து மேலே நண்பரின் பெயரை எழுதினார். பிறர் தொடத் தயங்கும் அந்தக் காலை மடியில் வைத்துக்கொண்டு, "எந்த ஊர் மாமா?" என்று பேச்சுக் கொடுத்தபடியே செய்தார். நண்பரிடம் ஒரு பைசா வாங்கவில்லை. அகதிகளாக வந்து நின்ற ஒரு சமூகத்தின் நிறுவனம் இன்று ஊனமுற்றவர்களை எழுந்து நிற்க வைக்கிறது.

2020 ஊரடங்கில் முகியின் பேரனை மறுபடியும் சந்தித்தேன். சேட் காலமாகிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. ஆலைகள் மூடி, தொழிலாளர்கள் குழந்தைகளைத் தோளில் சுமந்து ஊருக்கு நடந்துகொண்டிருந்த நாட்கள். பேரன் தெருப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு சமைத்துப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். "அங்கிள், இவங்க பேசுறது எனக்குப் புரியல, கொஞ்சம் பேசுங்களேன்" என்று என்னைக் கூப்பிட்டார். விழுப்புரம் பக்கத்துக் கட்டடத் தொழிலாளர்கள். அவர் போனில் ஒரு பட்டியல் வைத்திருந்தார். பெயர், சொந்த ஊர், வந்த தேதி, தெரிந்த வேலை. கடைசிப் பத்தி மட்டும் புதிது: போய்ச் சேர வேண்டிய ஊர். "ஆதார் கேக்கலையா?" என்று யாரோ கேட்டதற்கு, "சாப்பிட்டு முடிக்கட்டும், அப்புறம் கேக்கலாம்" என்றார். தாத்தாவை அவர் சிறு வயதில்தான் பார்த்திருக்கிறார். வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்த்த கதை கைப்பழக்கமாக வந்திருந்தது.

அகதி குடும்பத்தில் பிறந்துவிட்டால் இரக்கம் தானாக வந்துவிடாது. அதே கேம்பில், "நாங்கள் அடிபட்டுத்தான் மேலே வந்தோம், இவர்களும் படட்டும்" என்று பேசியவர்களையும் நான் அறிவேன். இழப்பை வன்மமாகவே பிள்ளைகளுக்கு ஊட்டிய வீடுகளும் இருந்தன. சசூன் குடும்பத்தையே பாருங்கள். பாக்தாதில் தாவூத் பாஷாவின் நெருக்கடியால் தப்பியோடிய டேவிட் சசூன் 1832-ல் பம்பாய் வந்தார். அவர் கொடையில் எழுந்த புனே மருத்துவமனை 1867-லிருந்து நடக்கிறது. எரவாடா சிறையிலிருந்த காந்திக்கு 1924 ஜனவரி 12 இரவு குடல்வால் அறுவை நடந்ததும் அங்கேதான். நடுவில் மின்விளக்கு அணைந்துபோக, அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் முடித்தார்கள். ஆனால் அந்தக் குடும்பத்தின் செல்வத்தில் பெரும்பங்கு சீனாவுக்கு அபினி விற்ற பணம். கண்ணெதிரே இருந்த ஏழைக்கு மருந்து கொடுத்த கை, கண்ணுக்குத் தெரியாத தூரத்துச் சீனனுக்கு நஞ்சும் கொடுத்தது. பட்ட துயரம் கண்ணெதிரே இருப்பவர்மேல் கருணையாக மாறலாம், அதற்கு அப்பால் எட்டாமலும் போகலாம். அதை எட்ட வைப்பது, தன் தெருவாரின் முகம் சுளிப்பையும் மீறி "ராத்திரி தங்கட்டும்" என்று சொல்லும் தலைமை.

அந்தத் தலைமை முளைக்க இன்னொன்றும் வேண்டும். முகி முதல் பொதுத்தேர்தலில் ஓட்டுப் போட்ட கதையை அடிக்கடி சொல்வார். அதன் அருமை எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது. அரசியலமைப்புச் சட்டம் எழுதி முடிவதற்கு முன்பே வாக்காளர் பட்டியல் தயாரிக்கத் தொடங்கினார்கள். அகதிகளை என்ன செய்வது என்ற கேள்வி வந்தபோது அரசியல் நிர்ணய சபைச் செயலகம் ஒரு முடிவெடுத்தது. இனி இங்கேயே நிரந்தரமாக வாழப்போகிறேன் என்று உறுதிமொழி கொடுத்தால் போதும், பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். ஊரில் இத்தனை மாதம் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அவர்களைத் தடுக்கவில்லை. அரசியலமைப்பின் 6-ஆம் பிரிவு பாகிஸ்தானிலிருந்து வந்தவர்களுக்குக் குடியுரிமைக்கு வழி வகுத்தது. ஆகவே பிம்பிரி 1970-ல் நகராட்சியாகி 1982-ல் மாநகராட்சியானபோது கேம்ப்காரர்கள் மனு கொடுக்கிறவர்களாக வெளியே நிற்கவில்லை. வாக்காளர்களாகவும் வேட்பாளர்களாகவும் உள்ளே இருந்தார்கள். புனே அவர்களுக்கு முதலில் இடம் கொடுத்தது. பிறகுதான் அவர்கள் புனேக்குப் பள்ளியும் கல்லூரியும் ஆஸ்பத்திரியும் கொடுத்தார்கள்.

இதையே கடல் கடந்த தமிழர்களிடமும் பார்க்கிறோம். 1983 கலவரத்துக்குப் பின் சிறுவனாகக் கனடா போன கேரி ஆனந்தசங்கரி 2015-ல் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அகதிப் பிள்ளையைக் குடிமகனாக்கிய நாட்டுக்கு அவர் இன்று சட்டம் இயற்றுகிறார். உதவி மறக்கப்படுவதும் இல்லை. வளிவடேயில் வாழ்ந்த போலந்து அகதிகளின் நினைவாக வார்சாவில் ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. 2024 ஆகஸ்டில் நம் பிரதமர் அங்கே மலர்வளையம் வைத்தார்.

நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். 1983-லிருந்து வந்த ஈழத் தமிழர்களில் ஏறத்தாழ 58 ஆயிரம் பேர் இன்னும் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் வாழ்கிறார்கள். அவர்களிடம் முகிகள் இல்லாமல் இல்லை. ஈழத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன் எஸ்.சி. சந்திரகாசன் 1984-ல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தை நடத்துகிறவர்கள் அகதிகளே. 2004-ல் சுனாமி வந்தபோது முகாம் இளைஞர்கள் நாகப்பட்டினம் கரைக்குப் போய், எல்லாவற்றையும் இழந்து உட்கார்ந்திருந்தவர்களோடு பேசி ஆறுதல் சொன்னார்கள். இழந்தவருடைய மொழி அவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்த இளைஞர்களில் ஒருவர்கூட ஊராட்சி வார்டு உறுப்பினராக நிற்க முடியாது. ஓட்டே கிடையாது.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றி, 317 கோடி ரூபாய்க்கு வீடுகளும் வசதிகளும் அறிவித்தது. நல்ல காரியம். 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குக் குடிவரவுச் சட்டத் தண்டனையிலிருந்து விலக்கு அளித்தது. அதுவும் நல்லதுதான். குடியுரிமை மட்டும் வரவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயர் இல்லை. 1987 ஜூலைக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள் என்ற விதியைப் பிடித்து நீதிமன்றம் போன திருச்சி கொட்டப்பட்டு முகாம் பெண் ஒருவர், 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். ஒரே ஒருவர் ஓட்டுப் போட்டதே செய்தியாகும் நிலையில் இருக்கிறோம்.

அடுத்த முறை உங்கள் தொகுதி வேட்பாளர் வீட்டு வாசலுக்கு வரும்போது, முகாமில் பிறந்து, இங்கே படித்து, இங்கேயே பிள்ளை பெற்றவர்களுக்குக் குடியுரிமை கேட்டு நாடாளுமன்றத்தில் பேசுவீர்களா என்று கேளுங்கள். இங்கேயே வாழப்போகிறேன் என்ற ஒரு வாக்குமூலத்தை நம்பி இந்த நாடு ஒரு காலத்தில் அகதிகளை வாக்காளர்களாக்கியது. அந்த நம்பிக்கையின் பலனைப் புனே எழுபது ஆண்டுகளாக அனுபவித்து வருகிறது. நம் முகாம்களில் இருப்பவர்களை நாற்பது ஆண்டுகளாக நாம் விருந்தாளிகளாகவே உட்கார வைத்திருக்கிறோம். இது அவர்களுக்கு இழைக்கும் அநீதி, நமக்கும் நட்டம்.